மாமா கடைக்குள்ள பேஞ்ச மழை

சினிமாவுல பாத்திருப்பீங்க. ஹீரோ சிகரெட் லைட்டரைப் பத்தவச்சு, கூரையில இருக்கற ஒரு சின்னக் குமிழுக்குக் கீழ காட்டுவார். அடுத்த செகண்டு கட்டடம் முழுக்க மழை கொட்டும், வில்லன் ஆளுங்க எல்லாம் நனைஞ்சு ஓடுவாங்க. அந்தக் குமிழைத்தான் சிங்கப்பூர்ல பன்னெண்டு வருஷம் மாட்டிக்கிட்டிருந்தேன். ஃபயர் ஸ்பிரிங்ளர் பைப் ஃபிட்டர், அப்புறம் சூப்பர்வைசர். அதனால அந்த மாதிரி சீன் வந்தா பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட "அப்படியெல்லாம் கொட்டாதுங்க"ன்னு சொல்லாம இருக்க முடியாது. வீட்டம்மா இப்பல்லாம் என்னோட படத்துக்கு வர்றதே இல்ல :-)

நிஜமாவே கொட்டாது. கடை, ஆபீஸ், ஹோட்டல் இங்கெல்லாம் மாட்டற சாதாரண ஸ்பிரிங்ளர்ல எந்தக் குமிழ் சூடாகுதோ அந்த ஒண்ணு மட்டும்தான் திறக்கும். பக்கத்துல இருக்கறது சும்மா பாத்துக்கிட்டிருக்கும். இதை எத்தனையோ பேர்கிட்ட பெருமையா சொல்லியிருக்கேன், "ஒண்ணே ஒண்ணுதாங்க திறக்கும், பயப்படாதீங்க"ன்னு. அந்த ஒண்ணே ஒண்ணு திறந்தா என்ன ஆகும்னு நான் முழுசா பாத்தது சிங்கப்பூர்ல இல்ல. எங்க ஊர்ல, எங்க தாய்மாமன் ஜவுளிக்கடையில.

2018 நவம்பர் 16, கஜா புயல். எங்க பக்கத்து ஆளுங்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னாலே போதும், தென்னையை எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. மாமாவோட பழைய கடை, மணிக்கூண்டுலேர்ந்து நடக்கற தூரம், ஓட்டுக் கட்டடம், அன்னிக்கு ராத்திரியோட போச்சு. மறுபடி கட்டறப்போ மனுஷன் வைராக்கியமா கீழ் தளம், அதுக்கு மேல ரெண்டு மாடி, மொட்டை மாடியில ஷீட்டு போட்டு கொஞ்சம் குடோன், கொஞ்சம் பசங்க தங்கற எடம்னு கட்டினார். நான் அப்பதான் சிங்கப்பூர விட்டு ஊரோட வந்திருந்தேன். "மாப்ள, இந்த தீயணைக்கற சமாச்சாரம் எல்லாம் நீயே பாத்துக்க"ன்னு என் தலையில கட்டிட்டார். திருச்சியிலேர்ந்து ஒரு காண்ட்ராக்டரைப் புடிச்சு, எடத்தைக் காட்டி, பைப்பு போற வழியைச் சொல்லி, எல்லாத்துலயும் நான் கூட நின்னேன். இதை இங்கேயே சொல்லி வச்சுடறேன், பின்னாடி தேவைப்படும்.

2023 தீபாவளி நவம்பர் 12. அதுக்குப் பத்து நாள் முன்னாடி, ராத்திரி எட்டு மணிக்கு மேல இருக்கும். வெளியில ஐப்பசி மழை நல்லா பிடிச்சிருந்தது. மாமா ஃபோன். "மாப்ள, மாடி ஒழுகுது. கொத்தனாரை என்ன செய்யலாம் சொல்லு."

கொத்தனார் பாவம். ஒழுகினது மாடி இல்ல.

ரெண்டாவது மாடியில ரெடிமேடு செக்ஷன். தீபாவளிச் சரக்கு எடம் பத்தாம, பசங்க கூரை ஓரமா போற ஸ்பிரிங்ளர் பைப்புல கயித்தைக் கட்டி, அதுல வரிசையா சுடிதாரை ஹேங்கரோட தொங்கவிட்டிருக்காங்க. மேல இருக்கறதை எடுக்க ஜவுளிக்கடையில கொக்கி போட்ட கம்பு ஒண்ணு இருக்கும், தெரியுமில்ல? ஒரு பையன் அவசரத்துல அந்தக் கம்பால ஒரு ஹேங்கரை இழுத்திருக்கான். ஹேங்கர் போய் ஸ்பிரிங்ளர் ஹெட்டுல சிக்கியிருக்கு. இவன் இன்னும் பலமா இழுத்திருக்கான்.

அந்த ஹெட்டுக்கு நடுவுல ஒரு சின்ன கண்ணாடிக் குப்பி. சுண்டுவிரல்ல பாதி கனம் கூட இருக்காது. உள்ள கலர் கலரா திரவம். தண்ணியை அடைச்சு வச்சிருக்கற மூடியைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கறது அந்தக் குப்பி மட்டும்தான். தீ பிடிச்சா திரவம் விரிஞ்சு குப்பி உடையும், மூடி விழும், தண்ணி வரும். அவ்வளவுதான் மொத்த மெஷினும். கரண்ட்டு கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. 1874ல அமெரிக்காவுல ஹென்றி பார்மலின்னு பியானோ செய்யற ஆள் தன் ஃபேக்டரியைக் காப்பாத்திக்கறதுக்காகப் பண்ண சமாச்சாரம், உருவம் மாறி இன்னிக்கும் அதே யோசனையில ஓடிக்கிட்டிருக்கு. ஆனா குப்பிக்குத் தன்னை உடைச்சது தீயா ஹேங்கரான்னு தெரியாது. உடைஞ்சா உடைஞ்சதுதான்.

தண்ணின்னு சொன்னேன் இல்லையா, முதல்ல வந்தது தண்ணியே இல்ல. ரெண்டு வருஷமா இரும்புப் பைப்புக்குள்ள அசையாம கிடந்தது. கறுப்பா, துருவும் எண்ணெயுமா, சாக்கடை நாத்தத்தோட. அது நேரா வெள்ளை வேட்டி அடுக்கு மேல. பசங்க வெளியில மழையைப் பாத்தாங்க, உள்ள கூரையிலேர்ந்து கொட்டறதைப் பாத்தாங்க, மாடி ஒழுகுதுன்னே முடிவு பண்ணி வாளியைக் கொண்டாந்து வச்சிருக்காங்க. வாளி! நிமிஷத்துக்கு 160 லிட்டருக்கு வாளி!

கணக்கு இதுதான். வழக்கமா கடைகள்ல போடறது கே-80ன்னு ஒரு ஹெட்டு. ஒரு பார் பிரஷர்ல நிமிஷத்துக்கு 80 லிட்டர் தள்ளும். நாலு பார் இருந்தா அதுக்கு ரெண்டு மடங்கு, 160. வீட்டுக் குடத்துல சொல்லணும்னா நிமிஷத்துக்குப் பத்து குடம்.

எவனோ ஒருத்தனுக்குத்தான் "இது ஃபயர் பைப்பு"ன்னு உறைச்சிருக்கு. உடனே என்ன செஞ்சாங்க? புத்திசாலித்தனமா மெயினை ஆஃப் பண்ணிட்டாங்க. மோட்டார் நின்னா தண்ணி நின்னுடும்ல? வீட்டுல அப்படித்தானே? இங்க என்ன ஆச்சுன்னா, கரண்ட்டு போனதும் அதுவரைக்கும் பிரஷர் குடுத்துக்கிட்டிருந்த சின்ன ஜாக்கி பம்பு நின்னுச்சு. பைப்புல பிரஷர் விழுந்துச்சு. கீழ டீசல் எஞ்சின் தானா ஸ்டார்ட் ஆகி, முன்ன விட ஜோரா தள்ள ஆரம்பிச்சுது. அதுக்காகத்தானே அதை வச்சிருக்கோம்? தீ பிடிச்சா முதல்ல போறது கரண்ட்டுதான். எஞ்சின் தன் வேலையைச் சரியா செஞ்சுது. இருட்டுல, மொபைல் வெளிச்சத்துல, எஞ்சின் சத்தத்துக்கு நடுவுல அவங்க நின்னதை நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

நான் டிவிஎஸ் எக்ஸெல்ல மழையில நனைஞ்சுகிட்டே போய்ச் சேர்ந்தேன். ஃபோன்ல "மாடிப்படி பக்கம் செவப்பு சக்கரம் இருக்கும், அதைத் திருப்புங்க"ன்னு கத்திக்கிட்டே போனேன். யாருக்கும் சக்கரம் கண்ணுல படல. ஏன்னா அதுக்கு முன்னாடி அட்டைப்பொட்டி ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. பொட்டியைத் தள்ளி, சக்கரத்தைத் திருப்பி, பைப்புல மிச்சம் இருந்ததும் வடிஞ்சு, தண்ணி நின்னப்போ குப்பி உடைஞ்சு 22 நிமிஷம் ஆயிருந்தது. 3500 லிட்டர். கீழ் தளம் வரைக்கும் படிக்கட்டுல அருவி மாதிரி இறங்கியிருந்தது.

மாமா கல்லாப்பொட்டி பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருந்தார். ஒண்ணும் பேசல. முழங்கால் வரைக்கும் மடிச்சுக் கட்டின வேட்டி கறுப்பா இருந்தது. கையில ஒரு பட்டுப்புடவைப் பொட்டியை வச்சுக்கிட்டு அதோட மூடியைத் திறக்கறதும் மூடறதுமா இருந்தார்.

அந்த ராத்திரி செஞ்சதுல ஒண்ணு மட்டும் சரி. நனைஞ்சதை மூட்டை கட்டாதீங்கன்னு அத்தை பிடிவாதமா சொன்னாங்க. கலரையும் வெள்ளையையும் அப்பவே பிரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு போடாம, மண்டபம் ஒண்ணு காலியா இருந்ததைக் கேட்டு வாங்கி, கயிறு கட்டி ஃபேன் போட்டு விரிச்சாங்க. ஈரத்துணியை அடுக்கி வச்சா சாயம் ஒண்ணுக்கொண்ணு ஏறிடும், ரெண்டு நாள்ல கரும்புள்ளி விழுந்துடும். சாதா காட்டன், பாலியஸ்டர் எல்லாம் பாதிக்கு மேல பிழைச்சுது, தள்ளுபடியில போச்சு. பட்டும் வெள்ளை வேட்டியும் பிழைக்கல. அட்டைப்பொட்டி எல்லாம் கூழ். மொத்தமா மூணே முக்கால் லட்சம். ஒரே ஒரு குமிழ்.

இப்ப என் பங்குக்கு வரேன்.

கொக்கியால இழுத்த பையனைத்தான் எல்லாரும் திட்டினாங்க. பத்தொம்பது வயசு, பேராவூரணி பக்கத்துப் பையன். அவனுக்கு அது என்னன்னு யாராவது சொல்லியிருந்தாதானே? நான் அந்தக் கடைக்கு மாசம் ரெண்டு தடவையாவது போறவன். பைப்புல கயிறு கட்டியிருந்ததை அதுக்கு முந்தின வாரமே என் கண்ணால பாத்தேன். சிங்கப்பூரா இருந்தா அந்த எடத்துலயே கத்தியிருப்பேன். இங்க, சீசன் நேரம், மாமா கடை, நாம என்ன அதிகாரம் பண்றதுன்னு சும்மா வந்துட்டேன். வால்வு எங்க இருக்குன்னு காட்டற படம் ஒண்ணு உண்டு. நான்தான் லேமினேட் பண்ணிக் குடுத்தேன், அதுவும் இங்கிலீஷ்ல. அது மாமா வீட்டு பீரோவுல பத்திரத்தோட பத்திரமா இருந்தது. ஆகக்கூடி, அந்தக் கட்டடத்துல வால்வைத் தெரிஞ்ச ஒரே ஆள் அங்க வேலை செய்யாத நான்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல எங்க பழைய சூப்பர்வைசர் ஒருத்தர், மலேசியத் தமிழர், எப்பவும் சட்டைப்பையில ரெண்டு மர ஆப்பு வச்சிருப்பார், நூல்ல கோத்து. (வலையுலக ஆப்பு இல்லீங்க, நிஜ ஆப்பு.) ஹெட்டு எங்கயாவது உடைஞ்சா ஏணி போட்டு ஏறி, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அந்த ஆப்பைத் தண்ணி வர்ற வாய்க்கும் கீழ இருக்கற சட்டத்துக்கும் நடுவுல சொருகிடுவார். முக்கால்வாசித் தண்ணி அந்த எடத்துலயே நின்னுடும், அதுக்குள்ள இன்னொருத்தன் போய் வால்வை மூடுவான். இதுக்குன்னே கம்பெனி சாமானும் கிடைக்குது. ஆனா ரெண்டு துண்டு மரம் போதும். எங்க கடையில அது கூட இல்ல. உடைஞ்ச ஹெட்டுக்கு மாத்து ஹெட்டும் இல்ல. ஆறு ஹெட்டும் அதுக்கான ஸ்பேனரும் ஒரு பொட்டியில போட்டு வால்வு பக்கத்துல வைக்கணும், அது பால பாடம். காண்ட்ராக்டர் வைக்கல, நான் கேக்கல.

இந்த விட்டுப்போன பொட்டிதான் அடுத்த கதைக்கே காரணம். ஹெட்டு திருச்சியிலேர்ந்து வர நாலு நாள். நாலு நாளும் வால்வு மூடியே இருந்தது. வந்ததும் நானே மாட்டி, வால்வைத் திறந்து, பிரஷர் ஏறினதைப் பாத்துட்டு வீட்டுக்கு வந்தேன். தீபாவளி முடிஞ்சுது. கார்த்திகை, மார்கழி போச்சு. பொங்கலுக்கு மாமா கடையில வேட்டி எடுக்கப் போனவன் சும்மா மாடிப்படி பக்கம் எட்டிப் பாத்தேன். பிரஷர் காட்டற முள்ளு பூஜ்யத்துல படுத்திருந்தது.

நான் திறந்துட்டுப் போன அன்னிக்கு சாயங்காலமே மாமா மூடிட்டார்.

"தீ வந்தா பாத்துக்கலாம் மாப்ள. தீ இன்னும் வரல. தண்ணி வந்துடுச்சு." சொல்லிட்டு வேட்டியை அளந்துக்கிட்டிருந்தார்.

அவர் சொன்னதுல ஒரு நியாயம் இருக்குங்க. நஷ்டப்பட்டவர் அவர். ஸ்பிரிங்ளர் உள்ள கட்டடங்கள்ல இது ரொம்ப சாதாரணமா நடக்கறது. ஒரு தடவை சும்மா தண்ணி கொட்டிடும், மேனேஜர் கடுப்பாகி வால்வை மூடிடுவார், அப்புறம் அது மூடியிருக்கறதே மறந்துடும். ஆனா எனக்கு அந்த எடத்துல ஞாபகம் வந்தது மேல ஷீட்டுக்குக் கீழ படுக்கற பசங்க. சீசன்ல ஒம்போது பேர். இஸ்திரிப்பொட்டி, இண்டக்ஷன் அடுப்பு, ஒரே பிளக்குல மூணு சார்ஜர். அந்த தீபாவளிக்கு நாலு கடை தள்ளி ஒரு வெடிக்கடை வேற. அத்தனை நாளும் அவங்களுக்குக் கீழ ரெண்டு மாடி துணி, பைப்புல சொட்டுத் தண்ணி இல்ல. அது தெரியாமலே நான் வீட்டுல நிம்மதியா தூங்கியிருக்கேன்.

மாமாகிட்ட நான் சண்டை போடல. பேர் பேரா சொன்னேன். 2004 ஜூலை 16, கும்பகோணம், 94 குழந்தைங்க. நம்ம ஜில்லா. அதே வருஷம் ஜனவரியில ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபம், மாப்பிள்ளையோட சேத்து அம்பதுக்கு மேல. ரெண்டுலயும் கீத்துக் கொட்டகைதான் எரிஞ்சுது, அங்க ஸ்பிரிங்ளர் பேச்சுக்கே எடமில்லன்னு மாமா சொல்லலாம். அதனால ஜவுளிக்கடைக்கே வந்தேன். 2017 மே 31, தி.நகர் உஸ்மான் ரோடு, சென்னை சில்க்ஸ். காலங்காத்தால பிடிச்ச தீ. உள்ள இருந்த ஊழியர்களை மீட்டுட்டாங்க, ஆனா கட்டடம் ஒரு நாளைக்கு மேல எரிஞ்சு, ஒரு பக்கம் சரிஞ்சு, கடைசியில முழுசா இடிக்க வேண்டியதாப் போச்சு. ஏழு மாடி. தீயணைப்பு வண்டிங்க எத்தனை தண்ணி அடிச்சிருக்கும் நெனச்சுப் பாருங்க மாமா, ஒரு ஹோஸ் மட்டுமே நிமிஷத்துக்கு நானூறு ஐநூறு லிட்டர். நம்ம 3500 லிட்டரை ஒரு ஹோஸு பத்து நிமிஷத்துக்குள்ள அடிச்சுடும். துணி எரிஞ்சாலும் தண்ணிதான், எரியாட்டியும் தண்ணிதான். சிங்கப்பூர்ல 1972 நவம்பர்ல ராபின்சன்ஸ்னு ஒரு பெரிய கடை ராஃபிள்ஸ் பிளேஸ்ல எரிஞ்சு ஒம்போது பேர் செத்தாங்க. நான் வேலைக்குப் போனப்போ, முப்பது வருஷம் கழிச்சும், பெருசுங்க அதைச் சொல்லித்தான் வேலையே கத்துக் குடுப்பாங்க.

மாமா கேட்டுக்கிட்டே இருந்தார். கடைசியா, "சரி, அப்ப மறுபடி தண்ணி கொட்டாதுன்னு எழுதிக் குடு"ன்னார்.

எழுதிக் குடுக்க முடியாது. ஆனா அவர் கேட்டது சரியான கேள்வி. நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது.

ஒரு வாரம் கடையையே சுத்தி வந்தேன். கை, கம்பு, ஏணி எட்டற எடத்துல இருந்த ஹெட்டுக்கெல்லாம் கம்பிக் கூண்டு போட்டோம். டேபிள் ஃபேனுக்கு இருக்கற கூண்டு மாதிரி, குட்டியா. விலை ஒண்ணும் பெருசில்ல. பைப்புல கயிறு கட்டக்கூடாது, தொங்க விடணும்னா தனியா ஆங்கிள் அடிச்சுக்கணும். ஹெட்டுக்குக் கீழ அரை மீட்டராவது காலியா இருக்கணும், இல்லன்னா நாளைக்கு நிஜமாவே தீ பிடிச்சா தண்ணி விரிஞ்சு விழாது. சரக்கைத் தரையில வைக்காம கட்டை போட்டு ஒரு சாண் உயரத்துல வச்சோம்.

ஷீட்டுக்குக் கீழ போய்ப் பாத்தப்போதான் எனக்கே பகீர்னு ஆச்சு. அங்கேயும் கீழ இருக்கற அதே செவப்புக் குப்பி. குப்பியோட கலர் அலங்காரத்துக்கு இல்ல. ஆரஞ்சு 57 டிகிரி, செவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141. அந்த எடத்துல வழக்கமா எவ்வளவு சூடு ஏறுமோ அதுக்கு மேல 30 டிகிரியாவது தள்ளி இருக்கற குப்பியைப் போடணுங்கறது கணக்கு. ஏசி ஹாலுக்கு செவப்பு சரி. நம்ம ஊரு அக்னி நட்சத்திரத்துல தகர ஷீட்டுக்கு அடியில மத்தியானம் ரெண்டு மணிக்கு நின்னு பாத்திருக்கீங்களா? கை வச்சா பொசுங்கும். ரெண்டு கோடையை அந்தக் குப்பிங்க எப்படித் தாண்டிச்சோ தெரியல. மாமாவோட அதிர்ஷ்டம். எல்லாத்தையும் பச்சைக்கு மாத்தினோம். இதே மாதிரி பேக்கரி அடுப்புக்கு மேல, ஷோகேஸ்ல ஃபோகஸ் லைட்டுக்குப் பக்கத்துல, அயர்ன் பண்ற எடத்துல எல்லாம் கவனிக்கணும். பெயிண்டர்கிட்டயும் சொல்லி வைக்கணும், ஹெட்டு மேல பெயிண்ட் அடிக்காதேன்னு. வேணும்னா அப்போதைக்கு ஒரு பாலிதீன் பையை மாட்டி, அன்னிக்கே கழட்டிடணும்.

இன்னொண்ணு துரு. அதிராம்பட்டினம் உப்பளக் காத்து நமக்குப் புதுசா? எங்க வீட்டு ஜன்னல் கம்பியே சாட்சி. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பைப்புல இருக்கறதைத் திறந்து விட்டு அலசணும், இணைப்புல பச்சையாவோ செவப்பாவோ கறை இருக்கான்னு பாக்கணும். அலசினா இன்னொரு லாபம், எப்பவாவது உடைஞ்சாலும் வர்றது அந்தக் கறுப்புக் கஷாயமா இருக்காது. சிலர் குளிர் நாட்டு வீடியோவைப் பாத்துட்டு தண்ணி உறைஞ்சு பைப்பு வெடிக்கும்னு கேக்கறாங்க. பட்டுக்கோட்டையில அந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம்.

தண்ணி பட்டா மீட்கவே முடியாத சாமான் இருக்கற எடத்துக்கு வேற ஏற்பாடு இருக்கு. தஞ்சாவூர் சரஸ்வதி மகால்ல இருக்கற மாதிரி ஓலைச்சுவடி, கம்ப்யூட்டர் சர்வர், இந்த மாதிரி. பைப்புல தண்ணிக்குப் பதிலா காத்துதான் இருக்கும். புகையையோ சூட்டையோ கண்டுபிடிக்கற கருவி தனியா ஒண்ணு சொல்லணும், குப்பியும் உடையணும், ரெண்டும் நடந்தாதான் தண்ணி வெளிய வரும். ஹேங்கர் பட்டு குப்பி மட்டும் உடைஞ்சா மணி அடிக்குமே தவிர தண்ணி வராது. நல்ல ஏற்பாடு, செலவும் பராமரிப்பும் ஜாஸ்தி. மாமாகிட்ட சொன்னேன். விலையைக் கேட்டுட்டு "நம்ம கடையில ஓலைச்சுவடி விக்கல மாப்ள"ன்னுட்டார்.

இன்சூரன்ஸையும் சொல்லணும், ஏன்னா யாருக்குமே தெரியறதில்ல. சரக்கு மேல லோன் இருந்ததால பேங்க்காரங்க கட்டாயத்துல ஒரு ஃபயர் பாலிசி ஓடிக்கிட்டிருந்தது. தீ பிடிக்கலையே, கிடைக்காதுன்னு மாமா விட்டுட்டார். எடுத்துப் படிச்சா, புயல், வெள்ளம், கலவரம்னு போற பட்டியல்ல 'தானியங்கி ஸ்பிரிங்ளரிலிருந்து கசிவு'ன்னு தனியாவே போட்டிருக்கு. நம்ம நாட்டு வழக்கமான ஃபயர் பாலிசியில இது உண்டு. கட்டடத்துல ரிப்பேர் வேலை நடந்தப்போ ஆனது, ஸ்பிரிங்ளரையே கழட்டி மாட்டறப்போ ஆனது, நமக்குத் தெரிஞ்சே இருந்த கோளாறு, இதுக்கெல்லாம் கிடையாது. லேட்டா போனதுக்கு ஆயிரம் கேள்வி. அத்தை அன்னிக்கு மண்டபத்துல எடுத்து வச்ச ஃபோட்டோ எல்லாம்தான் காப்பாத்திச்சு. முழுசா வரல, ஆனா வந்தது. பணம் வந்தப்புறம்தான் மாமா முகம் கொஞ்சம் தெளிஞ்சுது.

இதெல்லாம் சாமான் சமாச்சாரம். 22 நிமிஷத்துக்குக் காரணம் சாமான் இல்ல, ஆள்.

எங்க ஊருக்குக் கல்லணைக் கால்வாய்த் தண்ணி வந்தது 1934ல, மேட்டூர் அணையோட. புது ஆறுன்னு சொல்வோம். அந்த ஆத்துல மதகு மதகுக்கு ஒரு லஸ்கர் உண்டு. என் தாத்தா காலத்துல ராத்திரி மழை பிடிச்சா வயல்காரங்க முதல்ல தேடறது அவரைத்தான். ஷட்டரை எத்தனை சுத்து இறக்கணும், எப்ப இறக்கக் கூடாதுங்கறது அவருக்குத்தான் தெரியும். தண்ணியைக் கொண்டாந்தா மடைக்கு ஆள் போடணுங்கறது நம்ம டெல்டாக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. இத்தனைக்கும் அந்த ஊர்க்காரனான நான் மூணு மாடிக்குத் தண்ணியை ஏத்திட்டு மடைக்கு ஆள் போடல.

யாரைப் போடறது? பசங்க மாறிக்கிட்டே இருப்பாங்க. மாமா பாதி நாள் ஈரோட்டுல இருப்பார். யோசிச்சுப் பாத்தா, காலையில கடை திறக்கறதுலேர்ந்து ராத்திரி மூடற வரைக்கும் எடத்தை விட்டு நகராத ஒரே ஜீவன், மாடிப்படிக்குக் கீழ மெஷின் போட்டு உக்காந்திருக்கற ஆல்டரேஷன் டெய்லர் அண்ணன்தான். வால்வுக்கும் அவருக்கும் ஆறு அடி. அவரையே கேட்டேன். "சம்பளம் ஏறுமா?"ன்னார். மாமா முந்நூறு ரூபா ஏத்தினார். ராத்திரிக்கு மேல படுக்கற பசங்கள்ல மூத்தவன் ஒருத்தன், கணக்குப் பாக்கற அக்கா மூணாவது. மூணு பேருக்கும் ஒரே பாடம். சத்தம் கேட்டா முதல்ல தீ இருக்கான்னு பாரு. புகை இருந்தா, சந்தேகமா இருந்தாலும், சக்கரத்தைத் தொடாதே, ஆளுங்களை வெளிய அனுப்பு, ஃபயர் ஸ்டேஷனுக்கு அடி. தீ இல்லன்னு கண்ணால பாத்தப்புறம்தான் மூடணும். மெயினை ஆஃப் பண்ணாதே. மூடினப்புறம் டீசல் எஞ்சினைக் கையால நிறுத்தணும், அது தானா நிக்காது. வடிஞ்சதும் பொட்டியில இருக்கற ஹெட்டை மாட்டச் சொல்லி எனக்கு ஃபோன். மாட்டினதும், எந்த ராத்திரியானாலும், திற. திறக்கற வரைக்கும் மேல யாரும் படுக்கக் கூடாது, அந்த ஒண்ணை மட்டும் மாமா வாயாலயே சொல்ல வச்சேன்.

படத்தைத் தமிழ்ல எழுதி வால்வுக்கு மேலயே ஒட்டினேன். வால்வு திறந்த நிலையில சங்கிலி போட்டுப் பூட்டு, சாவி டெய்லர் மெஷின் டிராயர்ல, இன்னொண்ணு கல்லாவுல. மாசத்துக்கு ஒரு நாள் கடை சாத்தினதும் நான் ரெண்டாவது மாடியில நின்னு "தண்ணி!"ன்னு கத்துவேன். முதல் தடவை நாலு நிமிஷம், பத்து செகண்டு. சாவியைத் தேடினார். இப்ப ஒன்றரை நிமிஷத்துக்குள்ள வருது. அதுவும் முழங்கால் வலியோட. ஒன்றரை நிமிஷம்னா பதினஞ்சு குடம். நனையும், ஆனா ஒரு ராக்கு, ரெண்டு ராக்கோட போயிடும்.

கொக்கியால இழுத்த பையன் அந்த தீபாவளி முடிஞ்ச கையோட போயிட்டான். சம்பளத்துல பிடிச்சிருக்காங்க, எனக்குப் பொங்கலுக்குத்தான் தெரிஞ்சுது. மாமாகிட்ட இதுக்குத்தான் நிஜமாவே சண்டை போட்டேன், பிடிச்சதைத் திருப்பிக் குடுக்க வச்சேன். ஃபோன் பண்ணினா திருப்பூர்ல ஒரு கம்பெனியில இருக்கேன்னான். உன் தப்பு இல்ல தம்பி, நான் சொல்லிக் குடுக்காத தப்புன்னு சொன்னேன். "பரவாயில்லண்ணே"ன்னான். அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, "இங்கயும் மேல அந்தக் குமிழ் இருக்குண்ணே. வால்வு எங்க இருக்குன்னு கேட்டேன், யாருக்கும் தெரியல"ன்னான்.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். முள்ளு அஞ்சரை பார்ல நிக்குது. டெய்லர் அண்ணன் இஞ்ச் டேப்பை செவப்புச் சக்கரத்துல தொங்க விட்டிருந்தார். நான் பாக்கறதைப் பாத்துட்டு, "ஹெட்டுலதானே தொங்க விடக் கூடாதுன்னீங்க?"ன்னார்.